மடிக்கும் வலைக்கூண்டு: கோப்பித் தேனீ அந்துக்கு எவ்வளவு தூரம் உதவும்?

மடித்தால் சாப்பாட்டுத் தட்டளவு. விரித்தால் முழங்காலுக்கு மேல் உயரம். கம்பி வளையத்தில் வலைத்துணியைத் தைத்து, முன்பக்கம் ஸிப் வைத்த இந்தக் கூண்டுகளை 'வண்ணத்துப்பூச்சிக் கூண்டு' என்றுதான் விற்கிறார்கள். கண்டியில் இருந்தாலும் ஹட்டனில் இருந்தாலும் இணையத்தில் சொல்லி வைத்தால் தபாலில் வந்து சேரும். பெட்டியில் கம்பனிப் பெயர் பெரும்பாலும் இருக்காது. யார் விற்றாலும் துணியும் தையலும் ஏறக்குறைய ஒன்றுதான். 30×30×30, 40×40×60, 60×60×90 செ.மீ. என்ற மூன்று அளவுகளைத்தான் அதிகம் காணலாம்.

இங்கே எடுத்துக்கொண்டது நடு அளவை, அதுவும் ஒரே ஒரு வேலைக்கு. கார்டினியாவிலும் கோப்பியிலும் முட்டையிடுகிற, தேனீ வேடம் கட்டிய பகல் அந்துப்பூச்சியை முட்டையிலிருந்து வளர்த்து வெளியே பறக்க விடுவதுதான் அந்த வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புழுப் பருவம் முழுக்க இந்தக் கூண்டு நன்றாக உழைக்கும். புழு கூட்டுப்புழுவாகும் வாரத்தில் கூண்டின் அமைப்பே பூச்சிக்கு இடைஞ்சலாகிவிடும். அடியில் ஒரு பெட்டி தும்புத்தூள் வைத்தால்தான் காரியம் நடக்கும். சிறகு விரிந்த பிறகு வெளிச்சத்தில் அரை நாள் உள்ளே வைத்தாலே, வளர்த்த கூண்டே சிறகைக் கிழித்துவிடும்.

செபோனோடிஸ் ஹைலஸ் என்பது இந்தப் பூச்சியின் அறிவியல் பெயர். ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1771இல் வைத்த பெயர் அது. இலங்கை, இந்தியாவிலிருந்து ஜப்பான் வரையிலும் தெற்கே அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறது. கோப்பிச் செடியைத் தின்பதால் கோப்பித் தேனீ அந்து என்று அழைக்கலாம். ஆனால் கோப்பியை நம்பிப் பிறந்த பூச்சி அல்ல. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கோப்பியின் குடும்பத்தையே சேர்ந்த பாவட்டை போன்ற காட்டுச் செடிகளில் வாழ்ந்து வந்த பூச்சிக்கு, நம்மவர்களின் முன்னோரைக் கூட்டி வந்து நட வைத்த கோப்பி புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை. 1869இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை ஏறியது. தேயிலை இந்தக் குடும்பத்துச் செடி அல்ல. அதில் இந்தப் புழு வாழாது. அதனால் இன்றைக்கு இதைத் தேட வேண்டிய இடம் தேயிலை மலை அல்ல. மாத்தளை, கண்டி, கொத்மலை, பதுளைப் பக்கத்து வீட்டுத்தோட்டக் கோப்பியிலும், கோயில் வாசலிலும் பாடசாலை முற்றத்திலும் அழகுக்கு வைத்த கார்டினியாவிலும் தேட வேண்டும்.

வளர்ந்த பூச்சி கண்ணாடிச் சிறகோடு பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். முதுகில் மஞ்சள் கலந்த பச்சை மயிர் அடர்ந்திருக்கும். வயிற்றின் நடுவே செங்கபில நிறத்தில் ஒரு பட்டை. வால் நுனியில் விசிறி போல் விரிகிற கறுப்பு மயிர்க்கொத்து. சத்தமும் தேனீயின் ரீங்காரம் போலவே இருக்கும். கொடுக்கு கிடையாது, கடிக்க வாயும் கிடையாது. கொட்டத் தெரிந்த பூச்சியின் உருவத்தை, கொட்டத் தெரியாத பூச்சி இரவல் வாங்கி உயிர் தப்புகிறது. கொட்டு வாங்கிய குருவி அடுத்த முறை தேனீயைத் தொடாது; தேனீ போல இருக்கிற இதையும் தொடாது.

குருவியை ஏமாற்றுகிற வேடம் மனிதரையும் ஏமாற்றுகிறது என்பதுதான் மலையகத்தில் இதற்கு வந்த சிக்கல். தோட்டப்புறத்தில் 'குளவி' என்ற சொல் விளையாட்டுச் சொல் அல்ல. உயர்ந்த மரங்களிலும் பாறை இடுக்கிலும் கூடு கட்டும் மலைத்தேனீயையும் சேர்த்தே குளவி என்கிறோம். கொழுந்து பறிக்கும் மலையில் அது கலைந்தால் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்; உயிரும் போயிருக்கிறது. அந்தப் பயம் முழுக்க நியாயமானது. அதே பயத்தில்தான் கார்டினியாப் பூவுக்கு முன் ரீங்கரிக்கும் தனிப்பூச்சியைச் செருப்பால் அடிக்கிறார்கள், கொம்புள்ள புழுவைக் கண்டால் மருந்து அடிக்கிறார்கள். வேறுபாடு கண்டுபிடிப்பது கடினமல்ல. தேனீ பூவில் உட்காரும். இது உட்காராமல் அந்தரத்தில் நின்று நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டும். தேனீயின் பின்னங்காலில் மகரந்த உருண்டை இருக்கலாம், இதற்கு இருக்காது. இதன் உணர்கொம்பு நுனிப்பக்கம் தடித்து, முனையில் கொக்கி போல வளைந்திருக்கும். கூட்டமாக வராது, கூடு கட்டாது. ஒரு பாடசாலை வகுப்பறையில் கூண்டு வைத்து இதை ஒரு முறை வளர்த்துக் காட்டினால், அந்த வகுப்புப் பிள்ளைகள் செருப்பை எடுக்க மாட்டார்கள். கூண்டுக்குக் கொடுக்கிற காசு அதற்கே தகும்.

சரி, கூண்டுக்கு வருவோம்.

வலையின் கண் சுமார் 1 மில்லிமீற்றர். பல்லி, குருவி, ஒட்டுண்ணி ஈ எதுவும் நுழையாது. ஒட்டுண்ணி ஈயைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. புழுவின் உடம்பில் முட்டை வைத்துவிட்டுப் போகும். புழு கொழுத்து வளர்வது போலவே தெரியும். கடைசியில் அந்து வர வேண்டிய கூட்டுக்குள்ளிருந்து ஈ வரும். சின்ன ஒட்டுண்ணிக் குளவிகளில் சில முட்டைக்குள்ளேயே முட்டையிடும். அவை இந்த வலையை விடச் சிறியவை. அதற்கு வலை உதவாது. வெளியில் ஏற்கெனவே குத்தப்பட்ட புழுவை உள்ளே கொண்டுவந்தால் அதற்கும் உதவாது. அதனால் பெரிய புழுவைப் பிடித்து வந்து கூண்டில் விடுவதை விட, முட்டையாகவோ விரல் நகத்தை விடச் சிறிய குஞ்சுப் புழுவாகவோ எடுப்பது நல்லது. வெள்ளை அரிசி போலச் சின்னக் கூடுகள் முதுகில் ஒட்டிய புழு கிடைத்தால் அது இனித் தேறாது. அதைக் கொல்லவும் வேண்டாம், செடியிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஒட்டுண்ணிக்கும் தோட்டத்தில் வேலை இருக்கிறது. கோப்பிக் கன்றுகளை இந்தப் புழு மொட்டையடிக்காமல் கட்டி வைப்பது அதுவும் குருவிகளும்தான்.

வலை வெள்ளையிலும் கறுப்பிலும் வருகிறது. கறுப்பை எடுங்கள். வெள்ளை வலை வெயிலில் பளபளத்து உள்ளே இருப்பதை மறைக்கும். கறுப்பு வலை ஊடாகப் பச்சைப் புழுவும் தெளிவாகத் தெரியும்.

ஒரு பக்கம் வலைக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் தைத்த மாதிரியும் இருக்கிறது. பார்க்க அழகு, மலைநாட்டுக்கு ஆகாது. நுவரெலியா, ஹட்டன் போன்ற இடங்களில் பனிமூட்டம் இறங்கும் மாலையில் அந்தத் தாளின் உட்பக்கம் வியர்த்து, நீர்த்துளி கோடு கோடாக இறங்கிக் கூண்டின் அடித்துணியை நனைக்கும். நனைந்த துணியில் எச்சம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தோடு புழுக்களுக்கு வயிற்றோட்டமும் வரும். சின்னப் புழு அந்த நீர்த்துளியில் ஒட்டிக்கொண்டு மூச்சுத்துளை அடைபட்டும் சாகும். மாத்தளை, பதுளை போன்ற சூடான இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. எங்கே இருந்தாலும் நான்கு பக்கமும் மேலும் வலையாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் தாள் உள்ளது வந்துவிட்டால் அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்காதீர்கள், காற்று வரும் பக்கமாக வையுங்கள். வியர்வை கொஞ்சம் சீக்கிரம் காயும்.

ஸிப்தான் இந்தக் கூண்டின் பெரிய பலவீனம். முன்கதவு மூன்று பக்கமும் திறக்கும். இரண்டு இழுப்பான்கள் நடுவில் வந்து சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் பல் கடிக்காமல் ஒரு சின்ன இடைவெளி நிற்கும். பென்சில் நுனி நுழைகிற அளவுதான். ஆனால் முட்டையிலிருந்து வந்த முதல் நாள் புழு நூல் தடிப்பில்தான் இருக்கும். வெளிச்சத்தை நோக்கி ஏறுகிற புழு நேரே அந்த இடைவெளிக்கு வரும். இரண்டு இழுப்பானையும் நடுவில் நிறுத்தாமல் கீழ் மூலைக்குக் கொண்டுபோய், அந்த மூலையில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினால் போதும். முதல் வாரம் கூண்டையே பயன்படுத்தாமல், மூடியில் ஊசித்துளை போட்ட ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் வளர்ப்பது அதை விட நல்லது. டப்பாவுக்குள் கடதாசி விரித்து, ஒரு இளம் இலை வைத்து, தினமும் மாற்றினால் போதும். புழு ஒரு அங்குலம் வந்த பிறகு கூண்டுக்கு மாற்றலாம்.

கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. எஃகு வளையத்தின் இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் குழாயில் சொருகி இறுக்கியிருப்பார்கள். நாலைந்து முறை மடித்து விரித்ததும் முனை குழாயை விட்டு வெளியே வந்து துணியைக் குத்திக் கிழிக்கும். வாங்கியவுடனேயே ஓரத் தையலைத் தடவிப் பாருங்கள்; இணைப்புக் கைக்குத் தட்டுப்படும். அந்த இடத்தில் வெளியிலிருந்து துணிப் பட்டி ஒன்றைச் சுற்றித் தைத்துவிட்டால் கூண்டு பல பருவம் வரும். மழைக்காலத்தில் கம்பி துருப்பிடித்துத் துணியில் மஞ்சள் கறை விழுவதும் சகஜம். கறையால் புழுவுக்குத் தீங்கில்லை.

எடை மிகக் குறைவு என்பது விளம்பரத்தில் பெருமை. லயத்து விறாந்தையில் அது குறை. மலையில் காற்று திரும்பினால் கூண்டு பூச்சாடியோடு சரிந்து விழும். மேலே நான்கு மூலையிலும் காது போல வளையம் தைத்திருக்கும். நூலில் கட்டி விட்டத்தில் தொங்கவிடுங்கள். நூலின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வஸ்லின் தடவுங்கள். காற்றில் விழாது, எறும்பும் இறங்காது. தொங்கவிட வசதி இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய பேசினுக்குள் இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் கூண்டை வைக்கலாம். கூண்டின் துணி தண்ணீரிலோ பேசின் விளிம்பிலோ தொடக் கூடாது. ஒரு நூலிழை தொட்டாலும் எறும்புக்கு அது பாலம்.

இனிச் செடி. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். கார்டினியாவும் நந்தியாவட்டையும் தூரத்தில் ஒரே மாதிரி: பளபளக்கும் கரும்பச்சை இலை, வெள்ளைப் பூ, அடுக்கு இதழ். ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் நந்தியாவட்டை. கார்டினியாவில் பால் வராது. நந்தியாவட்டையில் கிடைக்கிற கொம்புப் புழு வேறு இனம். அது அரளியையும் தின்னும், முன்பக்கம் கண் போன்ற இரண்டு நீலப் பொட்டு இருக்கும், வளர்ந்தால் பச்சைச் சிறகோடு இரவில் பறக்கும். அதுவும் அழகுதான். ஆனால் அதற்குக் கார்டினியா கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும். இதற்கு நந்தியாவட்டை கொடுத்தாலும் அப்படித்தான். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியைக் கடைசி வரை கொடுங்கள். கோப்பி இலையில் தொடங்கிய புழுவைப் பாதியில் கார்டினியாவுக்கு மாற்றினால், இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும், சில புழு வாயைத் திறக்காது.

பூக்கன்றுக் கடையில் வாங்கிய புதுக் கார்டினியாவை உடனே கூண்டுக்குள் வைக்காதீர்கள். கடையில் மண்ணுக்கு விட்ட பீடைநாசினி வேர் வழியாக இலைக்கு ஏறியிருக்கலாம். கழுவினால் போகாது, வாரக்கணக்கில் இலைக்குள் இருக்கும். அதன் அடையாளம் இது: புழு முதலில் நன்றாகத் தின்னும், அரை நாளில் தலையை ஆட்டும், பச்சை நீரைக் கக்கும், பிறகு வயிற்றுக் கால்களால் மட்டும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும். அந்த நிலைக்கு வந்தால் காப்பாற்ற முடியாது. வெலிமடை, நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்கு ஓரமாக நிற்கும் செடியிலும் இதே ஆபத்து உண்டு. வாங்கிய கன்றைச் சில மாதம் முற்றத்தில் வைத்து, புதிதாக விட்ட தளிரைக் கொடுப்பதுதான் நிம்மதி.

முட்டை வெளிர் பச்சை நிறத்தில் கடுகு அளவில், தனித்தனியாக, இளம் இலையில் ஒட்டியிருக்கும். முட்டையைச் சுரண்டி எடுக்காமல் இலையோடு கிள்ளி எடுங்கள். பொரிக்க மூன்று முதல் ஐந்து நாள். புழுவைத் தேடுவதானால் இலையைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். பச்சைப் புழு பச்சை இலையில் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் தெரியாது. செடிக்கு அடியில் மிளகு அளவில், பீப்பாய் வடிவத்தில் கறுப்பு எச்சம் விழுந்து கிடக்கும். ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் ஆறு பள்ளம் தெரியும். யாரோ அச்சில் வார்த்தது போல அவ்வளவு ஒழுங்காக இருக்கும். எச்சத்துக்கு நேர் மேலே கண்ணை ஏற்றினால் நரம்பு மட்டும் மிஞ்சிய இலையும், அதற்குப் பக்கத்தில் புழுவும் இருக்கும்.

புழு பெரும்பாலும் பச்சை. சில கரும்பழுப்பாகவும் வரும். இரண்டும் ஒரே இனம். நோய் என்று நினைத்து எறிந்துவிட வேண்டாம். வால்பக்கத்துக் கொம்பு கொடுக்கு அல்ல, குத்தாது, விஷமும் இல்லை. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். தோலுரிக்கப் போகும் புழுவை மட்டும் தொடக் கூடாது. தின்னாமல், அசையாமல், தலையைச் சற்றுத் தூக்கியபடி ஒரு நாள் இருக்கும். அப்போது அது தண்டில் பின்னிய பட்டு மெத்தையைக் கால்களால் இறுகப் பிடித்திருக்கும். இழுத்து எடுத்தால் பிடி போய்விடும், தோல் கழலாது, சாகும்.

40×40×60 கூண்டில் ஐந்து புழுவுக்கு மேல் வேண்டாம். சின்னதாக இருக்கும்போது பதினைந்தும் தாராளமாக இருப்பதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு புழு தன் ஆயுளில் தின்னும் தீனியில் பெரும்பகுதியைக் கடைசி முறை தோலுரித்த பிறகே தின்கிறது. அந்த வாரத்தில் ஒரு கிளையைக் காலையில் வைத்தால் மாலையில் குச்சிதான் இருக்கும். கிளைகளைத் தண்ணீர்ப் போத்தலில் சொருகி, வாயைப் பஞ்சால் இறுக அடைத்து வையுங்கள். பஞ்சு வைக்காவிட்டால் புழு தண்டு வழியே நேராகத் தண்ணீருக்குள் இறங்கி மூழ்கும். திரும்பி ஏறத் தெரியாது. இரண்டு நாளைக்கொரு முறை கிளையை மாற்றுங்கள். புழுவைப் பிய்த்து மாற்றாமல், பழைய கிளையைப் புதியதன் மேல் சாய்த்து வைத்தால் தானாகவே ஏறிவிடும். அடித்துணியில் செய்தித்தாள் விரித்து, தினமும் காலையில் எச்சத்தோடு சுருட்டி எடுத்துவிடுங்கள். இந்த விஷயத்தில் கூண்டு வசதியானது. கதவு பெரிது, கை முழங்கை வரை போகும்.

இந்தக் கூண்டு வண்ணத்துப்பூச்சிக்காகத் தைத்தது என்பது கூட்டுப்புழு ஆகும் நேரத்தில்தான் உறைக்கும். வண்ணத்துப்பூச்சிப் புழு மேலே ஏறிக் கூரையிலோ குச்சியிலோ ஒட்டித் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். அதற்கு இந்த வலைக்கூரை அருமையான இடம். நமது அந்து கீழே இறங்கும். காட்டில் அது செடியை விட்டு இறங்கி, சருகுக்கு அடியிலோ மண்ணின் மேல்தட்டிலோ சில பட்டு நூலால் சருகைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கூண்டின் அடியில் இருப்பதோ இறுகத் தைத்த துணி. புழு மூலைக்கு மூலை ஓடும், சுற்றும், ஸிப்பைச் சுரண்டும், இரவு முழுக்க நடக்கும். கடைசியில் களைத்து வெறும் துணியில் சுருண்டு தோலுரிக்கப் பார்க்கும். முதுகுக்குப் பிடிமானம் இல்லாததால் பழைய தோல் பாதியில் சிக்கி, கூட்டுப்புழு கோணலாக நின்றுவிடும். அதிலிருந்து வரும் அந்து சிறகை விரிக்காது. 'நன்றாகத்தான் தின்றது, ஏன் இப்படிச் சுருண்ட சிறகோடு வந்தது' என்று கேட்பவர்களில் பலருக்குப் பதில் இந்த அடித்துணிதான்.

தீர்வு செலவில்லாதது. 2 லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாவில் 5 செ.மீ. உயரத்துக்குத் தும்புத்தூள் நிரப்புங்கள். கைப்பிடியில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. ஈரம் அவ்வளவு போதும். மேலே உலர்ந்த சருகை இரண்டு விரல் தடிப்புக்குப் போடுங்கள். டப்பாவின் வழுக்கும் சுவரில் ஏற முடியாத புழுவுக்காக வெளியிலிருந்து விளிம்புக்கு ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். எப்போது வைப்பது? புழுவின் நிறம் மங்கி, எச்சம் உருண்டையாக இல்லாமல் தண்ணீராகப் போய், தின்பதை விட்டு வேகமாக நடக்கத் தொடங்கும் நாளில். அந்த நாளைத் தவறவிட்டால் புழு அடித்துணியில் நடக்கத் தொடங்கிவிடும். அதனால் புழு விரல் நீளம் வந்தவுடனேயே டப்பாவை உள்ளே வைத்துவிடுவது பாதுகாப்பு. இறங்கிய பின் ஒரு வாரத்துக்குத் தோண்டிப் பார்க்காதீர்கள். புதுக் கூட்டுப்புழுவின் தோல் ஈரப் பப்படம் மாதிரி மெல்லியது. விரல் பட்டாலே நசியும்.

பிறகு இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் இன்னும் நீளும். பதுளையில் சீக்கிரம் முடியும். மூன்று நாளைக்கொரு முறை சருகின் மேல் தெளிப்பான் போத்தலால் லேசாகத் தண்ணீர் தூவுங்கள். தூள் காய்ந்தால் கூட்டுப்புழு வற்றிப்போகும்; ஊறினால் வெள்ளைப் பூஞ்சணம் மூடும். இரண்டில் பூஞ்சணம்தான் மழைக்காலத்து எதிரி. குளிரில் அவசரப்பட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு; புகையும் சூடும் சேர்ந்து கெடுத்துவிடும்.

அந்து வெளிவரும் நேரத்தில் இந்த வலை மீண்டும் தன் மதிப்பைக் காட்டும். சருகை விலக்கிக்கொண்டு வரும் பூச்சி நனைந்த பஞ்சுத் துண்டு போல, சிறகு முளைக் கட்டையாக இருக்கும். உடனே செங்குத்தாக ஏற ஒரு சொரசொரப்பான பரப்பு அதற்கு வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வளர்த்தால் வழுக்கி விழுந்து விழுந்து சிறகு கசங்கும். இங்கே வலையின் ஒவ்வொரு கண்ணும் அதற்குப் படிக்கட்டு. ஒரு சாண் ஏறி நின்று சிறகைத் தொங்கவிட்டு ஊதிப் பெருக்கும். அந்த நேரத்தில் அதைப் பார்த்தால் கண்ணாடிச் சிறகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிறகு முழுக்கச் சாம்பல் பூசிய வெள்ளைத் தூள், ஒளி ஊடுருவாது. சிறகு காய்ந்து இறுகியதும் பறக்குமுன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள நடுங்கத் தொடங்கும். சிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிரும். அந்த அதிர்வில் தூள் புகை போலக் கிளம்பி, சில நொடியில் கண்ணாடி வெளிப்படும். கூண்டின் கறுப்பு வலையில் வெள்ளைத் தூள் ஒட்டி நிற்கும்; கீழே விரித்த கடதாசியில் விரலால் தடவினால் திருநீறு போல வரும். மற்ற அந்துகள் கட்டிக் காக்கும் செதிலை இது முதல் பறப்பிலேயே உதிர்த்து எறிந்து தேனீ ஆகிவிடுகிறது. உதிர்த்த பின் சிறகு பளபளக்காததற்கும் காரணம் உண்டு: கண்ணுக்குத் தெரியாத நுண்முகடுகள் அதன் பரப்பில் வரிசையாக நின்று ஒளி தெறிப்பதைக் குறைக்கின்றன. பறக்கும்போது சிறகு இருப்பதே தெரியாமல் போவது அதனால்தான்.

இதைப் பார்த்தவுடன் கதவைத் திறந்துவிடுங்கள். இந்த அந்து உட்கார்ந்து தேன் குடிப்பதில்லை. தட்டில் சீனித் தண்ணீர் வைத்தால் தீண்டாது. அந்தரத்தில் நிற்க 40 செ.மீ. அகலம் அதற்குப் போதாது. வெளிச்சத்தை நோக்கி வலையில் முட்டி முட்டி, செதில் பாதுகாப்பில்லாத அந்தச் சிறகின் ஓரம் அரை நாளில் கிழிந்து தொங்கும். 60×60×90 கூண்டு வாங்கினாலும் இதே கதை, கொஞ்சம் தாமதமாக நடக்கும். பெரிய கூண்டுக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை என்பதற்கு அதுதான் காரணம். 30 செ.மீ. கூண்டு இன்னும் மோசம். போத்தலும் டப்பாவும் வைத்தால் பூச்சி ஏறிச் சிறகு விரிக்க உயரம் மிஞ்சாது.

வெளியில் விடுவது வெயில் ஏறிய காலை ஒன்பது, பத்து மணிக்கு. உண்ணிச்செடி, சீமை நாயுருவி போன்ற குழாய்ப் பூக்களுக்குப் பக்கத்தில். மழையும் பனிமூட்டமும் விடாத நாளானால் கூண்டைத் துணியால் மூடி, இருட்டான குளிர்ந்த மூலையில் வைத்து அடுத்த நாள் விடலாம். புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பு ஒரு நாளைக்குத் தாங்கும். எடுத்த ஊரிலேயே விடுங்கள். முட்டை எடுப்பதும் உங்கள் வீட்டு முற்றத்திலும் சொன்னால் அனுமதிக்கிற அயலவர் முற்றத்திலும் மட்டும்தான். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவிலோ ஒதுக்குக் காட்டிலோ ஒரு இலையும் கிள்ளக் கூடாது.

காசு கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு மாற்று. பழைய நுளம்பு வலையை, உயரமான மரக்கறிக் கூடையைச் சுற்றித் தைத்து, மேலே இறப்பரால் கட்டினால் புழுப் பருவத்துக்கு அது போதும். விரல் போகும் இடத்தில் கூடையின் கம்பு இடறும், துப்புரவாக்கச் சிரமம், வகுப்பில் பத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க முடியாது. ஆனால் தும்புத்தூள் டப்பாவைக் கூடைக்குள் வைப்பது கூண்டை விடச் சுலபம். ஒரு வீட்டில் இரண்டு புழு வளர்க்க இதுவே தாராளம். பாடசாலைக்கு மட்டும் 40×40×60 கூண்டை வாங்கச் சொல்வோம்.

ஒரு தொகுதி முடிந்ததும் தும்புத்தூளை உரக்குழியில் கொட்டி, கூண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, பிழியாமல் தொங்கவிட்டு, ஒரு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள். வயிற்றோட்டம் கண்டு புழு செத்திருந்தால், கழுவிய பிறகு வெளுப்புத் திரவம் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வாசம் போகும் வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மடிக்கும்போது நெற்றிக்கு நேராகப் பிடித்து மடிக்காதீர்கள். வளையம் துள்ளினால் கண்ணில் படும். தரையில் தட்டையாக அமுக்கி, இரண்டு எதிர் மூலைகளை எட்டு வடிவத்தில் முறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக விழவிட்டு, உடனே பையில் போட்டு ஸிப்பை இழுத்துவிடுங்கள்.